வண்டுச் சால்

நான் ஒருவரைப் பழிவாங்கிய கதை இது. வயது போன காலத்தில் மனிதர்கள் எல்லாரையும் மன்னித்துவிட்டதாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை. அக்காவின் புருஷன், நான் அத்தான் என்று கூப்பிட்டவர், செத்து இத்தனை வருஷமான பிறகும் அவருடைய இருமலை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கு நோய் ஒன்றும் இருந்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, நான் என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒருதரம் இருமுவார். அவ்வளவுதான்.

எங்கள் வீடு தென்மராட்சியில், சாவகச்சேரிச் சந்தைக்கு நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தது. மணல் தரை. எங்களைப் பெற்ற ஐயா தன் காணியை இரண்டாகப் பிரித்து மேற்குப் பாதியை அக்காவுக்கும் கிழக்குப் பாதியை எனக்கும் சீதனமாக எழுதினார். அக்காவின் பாதியில் காய்க்கிற தென்னைகள் நின்றன. என்னுடைய பாதியில் கல்வீடும் நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தன. மற்றபடி வெறும் மணலும் சில பனைகளும்தான். இது நியாயமான பங்கு என்று ஊரே சொன்னது. அத்தான் மட்டும் சொல்லவில்லை. தென்னையும் வேண்டும், கல்வீடும் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

என் கணவர் மலாயாவில் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் என்னோடு இருந்துவிட்டுக் கப்பலேறினார். இது முப்பதுகளின் நடுப்பகுதி. ஐயா அதற்கு முன்பே காலமாகியிருந்தார்; கணவர் போன பிறகு அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். கணவர் போவதற்கு முன்னர் அவரும் நானுமாகக் குழி வெட்டி இருபத்திரண்டு தென்னம்பிள்ளைகள் வைத்தோம். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது நான். காலையில் ஒரு குடம், பின்னேரம் ஒரு குடம், ஒவ்வொரு பிள்ளைக்கும். குடம் வைத்து வைத்து என் இடுப்பில் தோல் தடித்துப் போயிற்று. இரண்டு வருஷத்தில் அவை என் உயரத்தைத் தாண்டி வளர்ந்தன.

அந்த நேரத்தில்தான் கணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற தை மாதம் லீவில் வருவதாகவும், அதற்குள் பிள்ளைகள் பிழைத்துத் தேறிவிட்டால் வீட்டைச் சுற்றின அந்த வளவையே நம்பி இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். தேறாவிட்டால் வீட்டையும் வளவையும் அத்தானின் பொறுப்பில் விட்டுவிட்டு, நான் கரவெட்டிக்குப் போய் மாமியோடு இருக்க வேண்டும். அம்மா அக்கா வீட்டில் இருக்கலாம். அவருக்குத் தானாக இந்த யோசனை வராது. யார் எழுதிப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அங்கை போய் மருமோன்ரை முகத்தைப் பாத்துச் சோறு தின்னச் சொல்லுறியோ?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. ஆகவே அந்த இருபத்திரண்டு பிள்ளைகளும் எனக்குத் தேங்காய் அல்ல. அவை நின்றால் நான் அந்த வீட்டில் இருப்பேன், விழுந்தால் வெளியே போவேன்.

மாசி மாதம் முதலாவது பிள்ளை விழுந்தது.

கொம்புவண்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பு நிறம், பெருவிரல் பருமன், மூக்கில் பின்னோக்கி வளைந்த ஒரு கொம்பு. பொழுதுபடுகிற நேரம் பறந்து வந்து குருத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் கத்தரியால் நறுக்கியது போல விரியும். அடிக்குருத்து வரைக்கும் தின்றுவிட்டால் அந்தப் பிள்ளையின் கதை முடிந்தது. காலையில் குடத்தோடு போனேன். நடுக்குருத்து மண்ணிறமாகச் சாய்ந்திருந்தது. பிடித்து இழுத்தேன். அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்துவிட்டது. அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. முந்திய மாரிக்கு அத்தானின் வளவில் நாலைந்து தென்னைகள் விழுந்தன. அவர் அவற்றை வெட்டி அகற்றவில்லை, எரிக்கவுமில்லை. எங்கள் வேலியோரமாக அவை மரக்குத்திகளாய் உக்கிக் கிடந்தன. பக்கத்தில் கிளறாத எருக்கும்பி ஒன்று. உக்கின மரத்திலும் எருவிலும்தான் கொம்புவண்டு முட்டையிடும். புழு அதற்குள்ளேயே கிடந்து தின்று கொழுத்து வண்டாகும். இது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அத்தானுக்கும் தெரியும்.

பங்குனியில், மூன்று பிள்ளைகள் போன பிறகு, வேலியடியில் நின்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அத்தான், அந்தக் குத்தியளை ஒருக்கா எரிச்சுவிட்டியளெண்டால் பெரிய உதவி. வண்டெல்லாம் அதுக்குள்ளை இருந்துதான் வருகுது."

அவர் பல் குத்திக்கொண்டு நின்றார். "என்ரை வளவுக்குள்ளை என்ரை மரம் கிடக்குது. உம்மடை பிள்ளையளைத் தின்னச் சொல்லி வண்டுக்கு நானே கடிதம் எழுதிக் குடுத்தனான்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறைப்படுகிற மாதிரி, "ஆம்பிளை இல்லாத வளவிலை தென்னை வராது பிள்ளை. வீண் கரைச்சல்படாதையும்," என்றார்.

எரிப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அவர் வேண்டுமென்றே விட்டிருந்தார். அன்றைக்கே நான் தீர்மானித்தேன், இந்த மனிசனை ஊர் பார்க்க முகம் கறுக்க வைக்காமல் விடுவதில்லை என்று. ஆனால் முதலில் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும்.

குருத்துக்குள் கம்பி விட்டு வண்டைக் குத்தி எடுப்பதை எல்லாரும் செய்வார்கள், நானும் செய்தேன். அது வண்டு தின்ன வந்த பிறகு செய்கிற வேலை. வருவதற்கு முன்னரே பிடிக்க வேண்டும். புளித்த மணத்துக்கு வண்டு வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் பனைகளில் பாளை சீவுகிறவரின் பெண்சாதி தினமும் காலையில் கருப்பணி என்கிற இனிப்புப் பதநீர் கொண்டுவந்து தருவாள். அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி செய்வோம். அதில் ஒரு பங்கை எடுத்து நாலு மண்முட்டிகளில் ஊற்றி, கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்தேன். ஒரு கிழமையாகப் பார்த்தேன். எறும்பு வந்தது, இலையான் மொய்த்தது, ஒருநாள் ஒரு ஓணான் வந்து குடித்துவிட்டுப் போனது. வண்டு மட்டும் வரவில்லை. இரண்டு பிள்ளைகள் மேலும் விழுந்தன.

சீவுகிறவரின் பெண்சாதி அதைக் கண்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்களைப் போன்ற வீடுகளைச் சேர்ந்த பெண்களை அவள் நாச்சியார் என்றுதான் கூப்பிட வேண்டும். அன்றைய கொடுமையான வழக்கம் அது, எழுதக் கை கூசுகிறது. "என்ன நாச்சியார், வண்டுக்குக் கருப்பணி விருந்தோ?" என்று கேட்டாள். "சுண்ணாம்பு போட்டது புளியாதெல்லோ. பிறகெப்பிடி வண்டு வரும்? எங்கடை கள்ளு முட்டியளுக்குள்ளை நாள் தவறாமல் விழுந்து கிடக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் எவருக்கும் இது தோன்றியிருக்காது. உட்புறம் சுண்ணாம்பு பூசாத முட்டி படலையைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. புளித்தால் அது கள், கள் என்றால் தீட்டு. வண்டைப் பிடிக்கப் போனபோதுகூட நான் சைவப் பழக்கத்தை விடாமல் சுண்ணாம்பு முட்டியைத்தான் வைத்திருக்கிறேன்.

"அப்ப கள்ளே வேணுமே?"

"ஓம் நாச்சியார். நான் ஒருதருக்கும் தெரியாமல் கடகத்துக்குள்ளை வைச்சு மூடிக் கொண்டுவாறன். முட்டியளைப் பிள்ளையளுக்குக் கிட்ட வையாதேங்கோ, வேலிக்கரையிலை தாழுங்கோ. விழுகிற வண்டைக் காலமையே நசுக்கிப் போடவேணும். உங்கடை எருவையும் கிழமைக்கு ஒருக்காக் கிளறி வெயில் காட்டுங்கோ."

அவள் சொன்னபடியே செய்தேன். வாய் ஒடுங்கிய முட்டிகளாகப் பார்த்து எடுத்து, உள்விளிம்பில் வேப்பெண்ணெய் தடவினேன். விழுந்தது ஏறி வரக்கூடாது. அரைவாசிக்குக் கள்ளும், ஊறவைத்த ஆமணக்கம் புண்ணாக்கும். மேலே பச்சைத் தென்னமட்டையைப் பிளந்து இரண்டு துண்டு. வெட்டின மட்டையின் வாசம் வண்டைக் கூட்டிக்கொண்டு வரும். நடுவில் ஓட்டை போட்ட சிரட்டையால் முட்டியை மூடினேன். ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தையும் இதே மாதிரிப் புதைத்தேன். தகரத்தின் பக்கங்களில் நகம் பிடிக்காது என்பதால் அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது.

முதல் நாள் காலை ஏழு வண்டுகள். கள்ளில் கிடந்து நீந்திக்கொண்டிருந்தன. எடுத்தால் சீறும். அவற்றை ஒரு கல்லில் வைத்து மண்வெட்டிப் பிடியால் ஒவ்வொன்றாக நசுக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் எறும்பு மிதிபடாமல் நடக்கிறவள் நான். அந்த வண்டுகளின் ஓடு நொறுங்குகிற சத்தம் எனக்கு இனித்தது. ஒவ்வொன்றுக்கும் அத்தானின் முகத்தை வைத்துக்கொண்டுதான் அடித்தேன், ஒளிப்பானேன்?

சித்திரை முடிவதற்குள் பிள்ளைகள் விழுவது நின்றுவிட்டது. பதினேழு பிள்ளைகள் மிஞ்சின. புதுக்குருத்துகள் நறுக்கில்லாமல் விரிந்தன. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு மாதம்தான் நீடித்தது.

வைகாசியில் கோயிலுக்குப் போனால் பெண்கள் விலகி நின்றார்கள். கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். விஷயம் விளங்க எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. பிள்ளையார் கோயில் காரியங்களை அத்தான்தான் பார்த்துவந்தார். மலாயாக்காரரின் வீட்டுக்குத் தினமும் கள்ளு முட்டி போகிறது என்று கோயிலடியில் வைத்து அவர் கவலையோடு சொல்லியிருக்கிறார். கவலையோடுதான் சொல்வார், அதுதான் அவருடைய கெட்டித்தனம். வேலிக்கு மேலாக அவர் பார்த்துக்கொண்டிருந்தவர். கள் முட்டிக்குள் போனதையும், வண்டை நான் அடித்ததையும் கண்ணால் கண்டவர்.

கணவரின் அடுத்த கடிதம் நாலு வரிதான். "நம் வளவுக்குள் ஒவ்வொரு நாளும் கள் வருகிறது என்று அறிந்தேன். யார் குடிக்கிறார்கள்?" அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்காமலில்லை. அம்மா குடிக்கமாட்டாள். நான் குடிக்கமாட்டேன். அப்படியென்றால் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதுதான் கேள்வி. வண்டையும் முட்டியையும் பற்றி நாலு பக்கம் எழுதினேன். தையில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. நம்புகிறேன் என்று ஒரு சொல் எழுதவில்லை.

அன்றுதான் நான் வண்டுகளை நசுக்குவதை நிறுத்தினேன்.

பின்புறக் கொட்டிலில் நெல் போட்டு வைக்கிற பழைய சால் ஒன்று கிடந்தது, ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் பிடிக்கக்கூடிய பெரிய மண்பானை. அதற்குள் உக்கின எருவும், பனைமரத்தின் உள்மெத்தையான பனஞ்சோறும் போட்டு நிரப்பினேன்; பனஞ்சோறு சீவுகிறவரின் பெண்சாதி கொண்டுவந்து தந்தது. முட்டியில் விழுந்த வண்டுகளைத் தண்ணீரில் அலசி உயிரோடு அதற்குள் விட்டேன். சந்தையில் குருநகர் மீன்காரியிடம் வாங்கிய வலைத்துண்டால் சாலின் வாயைக் கட்டினேன். வாழைப்பழத் தோலும் கரும்புச் சக்கையும் போடுவேன். உள்ளே அவை எருவைக் கிளறுகிற சத்தம் கேட்கும். மத்தியானங்களில் சாலுக்குப் பக்கத்தில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். "சாலுக்குள்ளை என்னடி வைச்சிருக்கிறாய்?" என்று அம்மா கேட்டாள். "அத்தானுக்குப் பலகாரம்," என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது.

ஆடிப்பிறப்பு வந்தது. அன்று எங்கள் பக்கத்தில் கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவித்து, உறவுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊரில் என்ன கதை நடந்தாலும் அக்கா அந்த வழக்கத்தை விடவில்லை. விடியவே வந்து, பனையோலையில் பின்னிய மூடற்பெட்டி நிறைய எனக்கும் அம்மாவுக்கும் கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தாள். "பின்னேரம் அவர் கோயில்காரரைக் கூழுக்குக் கூப்பிட்டிருக்கிறார், நான் நிக்க நேரமில்லை," என்று சொல்லிவிட்டு ஓடினாள். அப்படி வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது. அது எங்களுக்குள் எழுதாத சட்டம். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும்.

பின்னேரம் நான் நல்ல சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு, பெட்டியோடு போனேன். முற்றத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பெரியவர்கள் பலாவிலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் நடுவில் நின்று அகப்பையோடு உபசரித்தார். நான் நேரே அவரிடம் போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அத்தான், பெட்டியை வெறுமையாய்த் திருப்பப்படாதெல்லோ."

அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நான் பணிந்து வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். எல்லாரும் பார்க்கட்டும் என்று அகப்பையை வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே மூடியைத் திறந்தார்.

அறுபதுக்குக் குறையாது. சாலிலிருந்து அள்ளியவற்றோடு, அன்று காலையில் பிடித்தவற்றையும் அலசாமல் கள்ளோடுதான் போட்டிருந்தேன். வண்டுகள் அவருடைய கையில் ஏறின, வேட்டியில் தொங்கின, சீறின. பெட்டி விழுந்தது. சில கூழ்ப் பானைக்குள் போயின. அத்தான் துள்ளிய துள்ளலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். புளித்த கள் நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது. பாயில் இருந்த ஒரு கிழவர் மூக்கைச் சுருக்கி, "உது கள்ளு மணமெல்லோ?" என்றார்.

"ஓமோம், கள்ளுத்தான்," என்றேன். "ஐயாமாரே, நான் வாங்கின கள்ளை ஆர் குடிக்கிறது எண்டு நீங்கள் எல்லாரும் யோசிச்சுக்கொண்டிருக்கிறியள். குடிச்சவை இவைதான், நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ. இதுகள் பிறந்த இடத்தைப் பாக்கவேணுமெண்டால் அந்த வேலியடிக்குப் போய்க் குத்தியைப் பிரிச்சுப் பாருங்கோ. அத்தான், இதையும் மறக்காமல் மலாயாவுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கோ."

இரண்டு பேர் எழுந்து போய்ப் பார்த்தார்கள். ஒருவர் கம்பால் குத்தியைக் கிண்டினார். கொழுத்த வெள்ளைப் புழுக்கள் கொட்டுண்டன. "என்ன காணும், தெரிஞ்சுகொண்டே விட்டனீரோ?" என்று கேட்டார். அத்தானுடைய முகம் கறுத்தது. அதைப் பார்க்கத்தான் நான் நாலு மாதம் காத்திருந்தேன். வயிறு குளிர்ந்தது.

அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். அவள் என்னை ஏசவில்லை. வந்து குனிந்து பெட்டியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த வண்டைத் தட்டிவிட்டு, "இது நான் ஆசையாக் கொண்டந்து தந்த பெட்டியெடி," என்று மட்டும் சொன்னாள். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வெற்றி தலைக்கேறியிருந்தது.

ஒரு கிழமைக்குள் அத்தான் குத்திகள் எல்லாவற்றையும் எரித்தார். புகை எங்கள் வீட்டுக்குள் வந்தபோது யன்னலைச் சாத்தாமல் நின்று மணந்தேன். கோயிலில் பெண்கள் பழையபடி என்னோடு கதைத்தார்கள்; சிலர் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வண்டின் தொகை கூடிக்கொண்டு போயிற்று. இனி என்ன பயம் என்று முட்டிகளுக்குக் கள் ஊற்றுவதை விட்டேன். எங்கள் மாட்டெருவைக் கிழமைக்கொருதரம் கிளறுவதையும் விட்டேன். சாலுக்குள் மிஞ்சிக் கிடந்ததை அந்தக் கும்பியிலேயே கொட்டி, சாலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு பிள்ளையின் குருத்து சாய்ந்தது. அடுத்த கிழமை இரண்டு. மார்கழி பாதி போவதற்குள் ஏழு. முட்டிகளை மறுபடி புதைத்தேன், கள் கொண்டுவரச் சொன்னேன், கம்பி விட்டுக் குத்தினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. கணவர் வர ஒரு மாதம்கூட இல்லை.

ஒருநாள் காலை, வேலியடிக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். "பழையபடி தொடங்கியிட்டியளோ அத்தான்? எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அவர் கோபப்படவில்லை. படலையைத் திறந்து, "உள்ளுக்கை வந்து பாரும்," என்றார். போனேன். வேலியோரம் சுத்தமாக இருந்தது. சாம்பல் போட்ட நிலத்தில் மரவள்ளி நட்டு, அது முழங்கால் உயரம் வந்திருந்தது. எருக்கும்பி இருந்த இடத்தில் வெறும் மண். "ஒரு குத்தி காட்டும் பாப்பம்," என்றார். அக்காவும் கிணற்றடியில் வாளியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தேன்.

வந்த வேகத்திலேயே மண்வெட்டியை எடுத்து எங்கள் எருக்கும்பியை வெட்டினேன். இரண்டாவது வெட்டிலேயே கண்டேன். பெருவிரல் பருமனில் சுருண்டு கிடந்த புழுக்கள், கூட்டுக்குள் கிடந்தவை, ஓடு முற்றாத புதுவண்டுகள். வெட்ட வெட்ட வந்தன. குத்திக்குள் முட்டையிடுகிற வண்டு சாலுக்குள் இடாதா? கிழமைக்கணக்காக நான் அவற்றுக்கு எருப் போட்டு, பழத்தோல் போட்டு, மத்தியானம் மத்தியானம் பக்கத்தில் இருந்து காவல் காத்திருக்கிறேன். அத்தானுக்கென்று வளர்த்தவை என் பிள்ளைகளைத் தின்றிருக்கின்றன.

சீவுகிறவரின் பெண்சாதி அந்த நேரம்தான் முட்டியோடு வந்தாள். குனிந்து, எருவோடு கலந்து கிடந்த பனஞ்சோற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது சாலுக்குள்ளை கிடந்த எருவெல்லோ நாச்சியார்?" என்றாள்.

"வாயைப் பொத்து," என்றேன்.

பொத்தினாள். எனக்கு மறுசொல் சொல்ல அவளுக்கு அன்று உரிமை இருக்கவில்லை. அதை அறிந்துதான் சொன்னேன். கும்பி முழுவதையும் இரண்டு பேருமாகக் கிளறிப் புழுக்களைக் கோழிகளுக்குப் போட்டோம். மிச்சத்தை எரித்தேன். பின்னேரம் அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தையில் கணவர் வந்தார். பெட்டி படுக்கையை இறக்கிய கையோடு பிள்ளைகளைப் பார்க்கப் போனார். இருபத்திரண்டில் எட்டுத்தான் நின்றன. செத்த குருத்து ஒன்றை இழுத்து எடுத்து மணந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கரவெட்டி இருந்தது, அம்மாவின் சோற்றுக் கோப்பை இருந்தது, எல்லாம் இருந்தது.

"இஞ்சரும், இது சகலன்ரை வளவிலையிருந்து வந்த வண்டோ?"

"ஓம்," என்றேன்.

அவர் அப்போதே வேலியடிக்குப் போனார். அத்தான் உண்மையைத்தான் சொன்னார். "நான் ஆடியிலேயே எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன். உம்மடை மனிசியே வந்து பாத்தவ, கேட்டுப் பாரும்." கணவர் என்னைக் கேட்கவில்லை. "என்ரை வீட்டிலை கள்ளுக்குடி எண்டு எழுதின ஆள்தானே நீர்? உம்மடை கதையை இனியும் நம்புவனே?" என்றார். அதற்குமேல் இரண்டு பேரும் பேசிய பேச்சுகளை எழுத முடியாது. இருட்டுவதற்குள் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லையென்று ஆயிற்று. "உவனுக்கு இந்த வளவிலை ஒரு பிடி மண்ணும் குடுக்கமாட்டன்," என்று கணவர் சத்தியம் பண்ணினார். லீவு முடிவதற்குள் புதிதாகப் பதினான்கு பிள்ளைகள் வைத்தார். வீடு எனக்கு நின்றது. கரவெட்டிக்கு நான் நல்லநாளுக்குத்தான் போனேன்.

அக்காவின் மகளுடைய கல்யாணம் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தபோது நான் அடுக்களையில் உலை வைத்துக்கொண்டு மேளச் சத்தத்தைக் கேட்டேன். எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாததில் பிழையில்லை.

அம்மா செத்த அன்று அக்கா வந்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கிறாள். அழுது முடிந்து எல்லாரும் ஓய்ந்திருந்த நேரம், என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, ஒரு சொல்லுத்தான். அண்டைக்கு நீ வந்து பாத்தனியெல்லோ, எங்கடை வளவு துப்புரவாக் கிடந்ததை? நான் கிணத்தடியிலை நிண்டனான். அதை ஒருக்கா உன்ரை மனிசனிட்டைச் சொல்லு. அது காணும். அம்மாவும் போயிட்டா. இனி நாங்கள் ரெண்டு பேரும்தானே."

கையை விடவில்லை. அவளுடைய கை சுட்டது. முற்றத்தில் ஆண்களுக்கு நடுவே அத்தான் நின்றார். நான் சொன்னால் அவருடைய முகத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சாலின் கதை வெளிவரும். அந்தச் சிரிப்பை நான் உயிரோடு இருந்து பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன். அக்காவுக்காகவாவது சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

"எனக்கு ஞாபகமில்லை அக்கா," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, எழுந்து போய் மற்றப் பெண்களோடு இருந்தாள்.